பிந்துவைத் தள்ளிவைத்துவிட்டு ரஸாவைப் பார்ப்பது எப்படி

ஓவியர் எஸ்.எச். ரஸா என்றதும் பலருக்கும் கண்முன் வருவது பிந்து என்ற அந்தக் கறுப்பு வட்டம்தான். அதைப் பார்த்து "இதில் என்ன இருக்கிறது, என் பையன்கூடப் போடுவானே" என்று நகர்ந்தவர்கள் உண்டு. "ஆகா, பிரபஞ்ச தத்துவம்!" என்று கைகூப்பியவர்களும் உண்டு. இரண்டு கட்சியோடும் எனக்கு ஒட்டாது. ரஸா ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு நிலக்காட்சி ஓவியர். மண், ஊர், காடு, சூரியன் இவற்றைத்தான் எழுபது வருடம் வரைந்தார். இதை நம்பச் சொல்லவில்லை. படங்களை வரிசைப்படி பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஓவியம் கற்றுக்கொடுப்பது என் வேலை. மாணவர்களுக்கு ரஸாவை அறிமுகம் செய்யும்போது நான் கையாளும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாள் மதியமும், கொஞ்சம் தரை இடமும் இருந்தால் போதும்.

முதல் வேலை, படங்களைச் சேர்ப்பது. பெரிய ஏல நிறுவனங்களின் இணையதளங்களில் ரஸா கொட்டிக் கிடக்கிறார். அங்கே விலையைப் பார்க்காதீர்கள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் மூன்று விவரங்கள் இருக்கும்: வருடம், எதில் வரைந்தது, எத்தனை சென்டிமீட்டர். நமக்கு வேண்டியது இவைதான். 1940களின் பம்பாய் நீர்வண்ணம் ஒன்று, 1948 காஷ்மீர் ஒன்று, 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் வரைந்த குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) ஒன்று, 1950களின் நடுவில் வந்த தடித்த எண்ணெய் வண்ணப் படம் ஒன்று, 1960களில் ஒன்று, 1970களின் 'லா டேர்' வரிசையில் ஒன்று, அப்புறம் 1981-ல் வரைந்த 'மா', 1983-ல் வரைந்த 'சௌராஷ்டிரா'. எல்லாவற்றையும் அச்செடுத்து, வருட வரிசையில் தரையில் பரப்பிவிடுங்கள். கடைசி இரண்டை மட்டும் கவிழ்த்து வையுங்கள்.

அச்செடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். எல்லாப் படமும் ஒரே அளவுக்குச் சுருங்கிவிடும். ஆரம்பகால நீர்வண்ணமும் குவாஷும் மடியில் வைத்து வரையக்கூடிய காகித அளவுதான். 'சௌராஷ்டிரா'வோ 200-க்கு 200 சென்டிமீட்டர். சுவரில் டேப் ஒட்டி அந்தச் சதுரத்தை ஒருமுறை குறித்து, அதன் முன்னால் நின்று பாருங்கள். நம்மில் பெரும்பாலோரைவிட உயரம். இந்த வேலையை என் மாணவர்களில் பாதிப் பேர் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு மனிதர் காகிதத்திலிருந்து இவ்வளவு பெரிய கான்வாஸுக்கு எப்படிப் போனார் என்ற கேள்வி வாயால் சொன்னால் உறைக்காது, டேப் ஒட்டினால் உறைக்கும்.

இப்போது ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது? பென்சிலால் அந்தக் கோட்டின் மேல் லேசாக ஒரு கோடு போடுங்கள். முதல் படங்களில் சுலபம். போகப்போக அந்தக் கோடு மேலே ஏறும், உடையும், காணாமல் போகும், வேறு வேஷத்தில் திரும்பி வரும். ரஸாவின் வாழ்க்கை வரலாற்றை ஒரே கோட்டில் சொல்லச் சொன்னால் இந்தக் கோட்டைத்தான் காட்டுவேன்.

பம்பாய்ப் படங்களிலிருந்து தொடங்கலாம். நாக்பூர் ஓவியப் பள்ளியில் 1939 முதல் 1943 வரை படித்துவிட்டு, உதவித்தொகையோடு பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு வந்தார். வந்து சேரத் தாமதமானதால் அந்த உதவித்தொகை கைநழுவிப் போனது. ஊர் திரும்பாமல், எக்ஸ்பிரஸ் பிளாக் ஸ்டுடியோ என்ற இடத்தில் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்து, நேரம் கிடைத்தபோதெல்லாம் தெருவை வரைந்தார். இந்த நீர்வண்ணங்களில் கவனிக்க வேண்டியது ஈரம். ஒரு நிறம் காயும் முன்பே அடுத்தது அதில் பாய்ந்து கலங்கும். கட்டடங்கள் கரையும், ஆட்கள் சின்னச் சின்னத் தீற்றலாக இருப்பார்கள். திறமையான கை என்பது சட்டென்று தெரியும். அந்தக் காலத்தில் பம்பாயில் அடைக்கலம் புகுந்திருந்த ஐரோப்பியர்கள் இதை உடனே கண்டுகொண்டார்கள். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் கலை இயக்குநராக இருந்த வால்டர் லாங்ஹாமர், விமர்சகர் ரூடி வான் லேடன் போன்றவர்கள். 1946-ல் முதல் தனிக் கண்காட்சி. 1947-ல் சூசா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆகியோருடன் முற்போக்கு ஓவியர் குழு.

சரி, இதையெல்லாம் நீங்கள் எந்த நூலிலும் படித்துக்கொள்ளலாம். படத்தில் பார்க்க வேண்டியது வேறு. பம்பாய்ப் படத்தின் மேல் ஒரு ட்ரேசிங் தாளை வைத்து, நேராக நிற்கும் கோடுகளையும் படுத்திருக்கும் கோடுகளையும் மட்டும் பென்சிலால் எடுங்கள். தாளைத் தனியாகத் தூக்கிப் பிடித்தால் அதில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அழகு முழுக்க ஈரத்தில் இருக்கிறது, எலும்பு கம்மி.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1948-ல் ரஸா காஷ்மீர் போனார். அங்கே புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் அவர் படங்களைப் பார்த்துவிட்டு, திறமை இருக்கிறது, ஆனால் கட்டுமானம் இல்லை என்றார். ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம், சுவர், உத்தரம், கூரை எல்லாம் இருப்பதுபோல ஓவியத்துக்கும் வேண்டும், போய் பிரெஞ்சு ஓவியர் செசானைப் பாருங்கள் என்றும் சொன்னார். இருபத்தாறு வயதுக்காரருக்கு இப்படி ஒரு விமர்சனம் கிடைத்தால், ஒன்று கோபம் வரும், இல்லை பிழைப்பு மாறும். ரஸா பம்பாய் திரும்பி பிரெஞ்சு மொழி வகுப்பில் சேர்ந்தார். 1950-ல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிசுக்குக் கப்பலேறினார்.

காஷ்மீர்ப் படங்களைத் தாண்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பாரமுல்லா இடிந்து கிடக்கும் படம் ஒன்று 1948-ல் வரைந்திருக்கிறார். போர் நடந்துகொண்டிருந்த காலம். கிடைத்தால் அதை உங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த படத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்தது குவாஷ். இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். 1951-ல் வரைந்த 'ஓ த கான்ய' கிடைத்தால் அதுவே போதும். தெற்கு பிரான்சில் ஒரு மேட்டின் மேல் இருக்கும் பழைய ஊர் அது. படத்தில் வீடுகள் கட்டம் கட்டமாக ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். இதன்மேல் ட்ரேசிங் தாளை வைத்து அதே வேலையைச் செய்து பாருங்கள். இப்போது தாளைத் தூக்கிப் பிடித்தால் ஒரு ஊரே நிற்கும். மூன்றே வருட இடைவெளி. கார்த்தியே-ப்ரெஸோன் சொன்ன அஸ்திவாரமும் உத்தரமும் அப்படியே காகிதத்தில் ஏறியிருக்கும்.

குவாஷ் என்பது தண்ணீரில் கரையும் வண்ணம்தான், ஆனால் ஒளி ஊடுருவாது. காய்ந்தால் பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும், ஓரங்கள் கூர்மையாக நிற்கும். ஈரத்தில் கலங்கவிட்டுப் பழகிய ஒருவர் வேண்டுமென்றே இதைக் கையில் எடுத்தார் என்றால் அதுவே ஒரு வாக்குமூலம். ஓவியரின் வாழ்க்கை வரலாற்றில் பாதி அவர் எந்த வண்ணத்தை விட்டு எந்த வண்ணத்துக்குப் போனார் என்பதிலேயே இருக்கிறது. அதனால்தான் அந்தச் சின்ன எழுத்து விவரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

முடிந்தால் இந்த ஒரு படத்தை மட்டும் பிரதி எடுத்துப் பாருங்கள். மாணவர்களிடம் நான் கண்டிப்பாகக் கேட்கும் வேலை இது. காவி, பழுப்பு மஞ்சள், செம்மண் நிறம், கறுப்பு, வெள்ளை, இந்த ஐந்து குவாஷ் ட்யூப் போதும். தண்ணீர் கம்மியாக, தயிர்ப் பதத்தில் குழையுங்கள். வானத்தை முதலில் அடர்த்தியாகப் பூசிக் காயவிடுங்கள். வீடுகளை மேலிருந்து கீழாக, தூரத்து வரிசையிலிருந்து தொடங்குங்கள். முன்வரிசை வீடு பின்வரிசையின் மேல் ஏறி உட்கார வேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே மெல்லிய இருட்டுக் கோட்டை விட்டுவிடுங்கள். அந்தக் கோட்டை அப்புறம் வரையலாம் என்று நினைத்தால் வராது. அது மிச்சமாக விடப்பட்டதுதான், மேலே போட்டது போல இருந்தால் செத்துவிடும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தேடிக் குழம்பாதீர்கள். வெயில் ஒரு பக்கமிருந்து வரும் கணக்கே இந்தப் படங்களில் முக்கியமில்லை. அதே காலத்தில் கறுப்புச் சூரியனையும் வரைந்தவர் அவர்.

பாதி வேலையில் உங்களுக்கே ஒன்று உறைக்கும். இந்த ஊரில் ஆள் இல்லை. பம்பாய்ப் படத்தில் தீற்றலாகவாவது நடமாடிய மனிதர்கள் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் பாரமுல்லா படத்தை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 1947-ல் தாய், 1948-ல் தந்தை இறந்தார்கள். உடன்பிறந்தவர்களும் முதல் மனைவியும் பாகிஸ்தான் போனார்கள், ரஸா போகவில்லை. ஆளில்லாத வீடுகளையும் பிரிவினையையும் முடிச்சுப் போட எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். நான் அந்த முடிச்சைப் போட மாட்டேன். இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்வேன். சோகத்தைக் காரணம் காட்டிவிட்டால் படத்தில் நிறங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை.

1950களின் நடுப்பகுதிக்கு வந்தால் எண்ணெய் வண்ணம். பேலட் கத்தியால் அப்பியது. வீடும் தேவாலயமும் மரமும் இன்னும் இருக்கின்றன, ஆனால் சுவர்கள் எரிகிற மாதிரி ஓரங்கள் உடைந்து நிறம் வழியத் தொடங்கிவிட்டது. அச்சுப் பிரதியில் இந்தக் காலப் படங்கள் ரொம்ப ஏமாற்றும். அசலைப் பார்க்க நேர்ந்தால் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். வண்ணத்தின் மேடு பள்ளம் அங்கிருந்துதான் தெரியும். 1956-ல் பாரிஸ் விமர்சகர்கள் வழங்கும் 'ப்ரி த லா க்ரிதிக்' விருது இவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுதான் முதல்முறை. 1959-ல் தன்னோடு படித்த ஓவியர் ஜானின் மோன்ஜியாவை மணந்தார்.

1960களை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். 1962-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். அமெரிக்க ஓவியர் ராத்கோவின் படங்கள் அவரைப் பாதித்தன. அதன்பின் எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு மாறினார். வீடு, தேவாலயம் எல்லாம் கரைந்து தூரிகை வீச்சு மட்டும் மிஞ்சிய படங்கள் பல இந்தக் காலத்தவை. நல்ல படங்கள் இருக்கின்றன, ஆனால் அன்றைய பாரிசில் இன்னும் பலர் இப்படி வரைந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் போட்டுவந்த பென்சில் கோடு இங்கே தொலைந்து போகும். தேட வேண்டாம், அடுத்த படத்துக்குப் போங்கள்.

'லா டேர்' என்றால் மண், பூமி. இந்தப் பெயரில் 1970களில் தொடங்கிப் பல படங்கள் வரைந்தார். என் கணக்கில் ரஸாவின் உச்சம் இதுதான். பிந்துவைவிட ஒரு படி மேலேயே வைப்பேன். இதைப் பார்க்க அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். முதலில் கறுப்பும் அடர் பழுப்பும்தான் தெரியும். கண் பழகட்டும். மெதுவாகக் கறுப்புக்குள் வேறு கறுப்பு தெரியும், ஒன்று நீலம் கலந்தது, ஒன்று சிவப்பு கலந்தது. அங்கங்கே செம்மஞ்சளாக, வெள்ளையாகச் சின்ன வெளிச்சங்கள் கிளம்பும். போனில் இருக்கும் கறுப்பு-வெள்ளை வசதியைப் போட்டுப் பார்த்தால் அந்த வெளிச்சங்கள் எவ்வளவு கம்மியான பரப்பில் இருக்கின்றன என்று தெரியும். முக்கால்வாசிப் படம் இருட்டு. அந்தக் கால்வாசியை நம்பித்தான் முழுப் படமும் எரிகிறது.

இப்போதுதான் அவருடைய பிள்ளைப் பருவத்தைப் படிக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் அதை முதல் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். வாசகர் அதைத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 'லா டேர்' கண்ணுக்குள் இருக்கும்போது படித்தால் நிலைமையே வேறு. ரஸா 1922 பிப்ரவரி 22 அன்று இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில், பாபரியா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வனத்துறை ரேஞ்சர். நர்மதை ஓடும் பகுதி, சுற்றிலும் அடர்ந்த காடு. இரவில் அந்தக் காடு தன்னைப் பயமுறுத்தி மயக்கியதையும், கோண்டு பழங்குடி மக்களின் நடனம் மட்டும் சில சமயம் மனிதத் துணையாக இருந்ததையும், விடிந்தால் மனசு ஆறுதலடைந்ததையும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பாரிசில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, ஐம்பது வயதில் அந்த இருட்டுக்குத் திரும்பியிருக்கிறார். தொலைந்த தொடுவானக் கோட்டை ஏன் தேட வேண்டாம் என்றேன் என்பது இப்போது விளங்கும். இரவில் காட்டுக்குள் நிற்பவனுக்குத் தொடுவானம் ஏது?

இன்னொரு பிள்ளைப் பருவக் கதையும் உண்டு. படிப்பில் கவனம் நிற்காமல் அலைபாய்ந்த சிறுவனை நிறுத்தி, பள்ளிக்கூடச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார் என்றாராம் ஆசிரியர். பிந்துவைப் பற்றிப் பேசும் எல்லாரும் இந்தக் கதையிலேயே தொடங்கி அதிலேயே முடிப்பார்கள். எனக்கு அது பாதிக் கதை. காட்டு இருட்டு இல்லாமல் அந்தப் புள்ளிக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

கவிழ்த்து வைத்த இரண்டையும் இப்போது திருப்புங்கள். முதலில் 'மா'. கறுப்பு வட்டம் இருக்கிறது. அதைக் கையால் மூடிக்கொண்டு மிச்சத்தைப் பாருங்கள். சிவப்பும் காவியும் எரியும் பட்டைகள் 'லா டேர்' படங்களின் மண்தான் என்பது தெரியும். கீழே தேவநாகரியில் ஒரு வரி எழுதியிருக்கும். இந்திக் கவிஞர் அசோக் வாஜ்பேயியின் கவிதை வரி: அம்மா, நான் திரும்பி வரும்போது என்ன கொண்டு வருவேன் என்பது அதன் சாரம். இப்போது கையை எடுங்கள். தரைக்கு மேல் நிற்கும் கறுப்பு வட்டத்தை இந்த வரிசையில் ஏற்கெனவே எங்கே பார்த்தோம்? முப்பது வருடத்துக்கு முன், பிரெஞ்சு ஊர்களின் மேல் நின்ற கறுப்புச் சூரியன். என்னைப் பொறுத்தவரை பிந்து புதிதாக முளைத்ததில்லை. ஊரும் வீடும் போன பிறகும் அந்தச் சூரியன் போகாமல் நின்றுகொண்டது.

'சௌராஷ்டிரா'வில் உங்கள் பென்சிலுக்கு நிறைய வேலை. படம் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் தனி நிலமாக எடுத்துக்கொண்டு தரைக்கோட்டைத் தேடுங்கள். ராஜஸ்தானி சிற்றோவியங்களில் சிவப்புக் கரைக்குள் தனித்தனிக் காட்சிகள் அடைபட்டிருக்குமே, அந்த ஞானம் இங்கே வேலை செய்கிறது. 2010-ல் இது லண்டன் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் போய்ப் பேப்பரில் வந்தது. அன்றிலிருந்து படத்தின் முன்னால் நிற்பவர்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள். பாவம், நல்ல படம்.

அதற்குப் பிந்தைய முக்கோணங்களும் வட்டங்களும் சுத்தமான வடிவியலாகப் போகின்றன. சிலது அருமை, சிலது செய்ததையே செய்தது. இதைச் சொன்னால் ரஸா பக்தர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஜானின் 2002-ல் இறந்தபின் 2010 கடைசியில் டெல்லிக்கே திரும்பி வந்து, தொண்ணூறு வயதைத் தாண்டியும் வரைந்தார். 2016 ஜூலை 23 அன்று இறந்தார். மண்ட்லாவில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

பிற்காலப் படங்களைச் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ரஸா பெயரில் போலிகள் ஏராளம். 2009-ல் டெல்லியில் தன் படங்களின் கண்காட்சிக்கு வந்த ரஸாவே, சுவரில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை தன்னுடையவை இல்லை என்று சொல்லி, கண்காட்சியை மூட வேண்டியதாயிற்று. எனவே வருடம், அளவு, இதற்கு முன் யாரிடம் இருந்தது என்ற விவரம் எதுவும் இல்லாமல் இணையத்தில் சுற்றும் படங்களை உங்கள் வரிசையில் சேர்க்காதீர்கள். டெல்லி தேசிய நவீனக் கலைக் கூடம் போன்ற இடங்களில் அசல் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். சுவர்க் குறிப்பைக் கடைசியில் படியுங்கள், வருடத்தை முதலில் நீங்களே ஊகியுங்கள். இந்த வரிசையைத் தரையில் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஊகம் பத்து வருடத்துக்கு மேல் தவறாது.

முடித்த கையோடு இதே முறையை ஓவியர் ராம் குமாருக்குச் செய்து பாருங்கள். அவரும் 1950களின் தொடக்கத்தில் பாரிசில் இருந்தவர். முதலில் நகரத்தில் சிக்கிய சோக முகங்களை வரைந்துகொண்டிருந்தார். 1960-ல் ஹுசைனோடு காசிக்குப் போய்வந்த பிறகு அவர் படங்களிலும் மனிதர்கள் காணாமல் போய், படித்துறையும் வீடுகளும் மட்டும் மிஞ்சின. ரஸாவின் கான்ய ஊரையும் ராம் குமாரின் காசியையும் அக்கம்பக்கம் வைத்து, இரண்டிலும் அந்த ட்ரேசிங் தாளைப் போடுங்கள்.